மாமா ஓட்டிய கோச்சி

டங். பிறகு டங்டங்டங். பெட்டியும் பெட்டியும் முட்டிக்கொள்ளும் அந்தச் சத்தம் இன்றைக்கும் குட்ஷெட் பஸ் நிலையத்தில் நிற்கும்போது கண்டி ஸ்டேசன் பக்கமிருந்து வருகிறது. கையில் மரக்கறிப் பை, முழங்காலில் வலி, தலையில் நரை. எதையும் அது மதிப்பதில்லை. என்னை எட்டு வயதுக்குப் பிடித்துத் தள்ளிவிடுகிறது.

உம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே சண்டிங் எஞ்சின் ஓட்டினார். கொழும்பிலிருந்து வரும் கோச்சியின் பெரிய எஞ்சின், தண்டவாளம் முடிகிற இடத்தில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். பின்னாலுள்ள பெட்டிகளை யாராவது இழுத்து அப்புறப்படுத்தினால்தான் அதற்கு விடுதலை. அந்த யாராவதுதான் மாமாவின் எஞ்சின். குட்டையானது, செங்காவி நிறம். சக்கரங்களைக் கோத்த இரும்புத்தண்டு மாப் பிசைகிற கை மாதிரி போய்ப்போய் வரும். இங்கிலாந்தில் செய்து, கரி எஞ்சின்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கடைசிக் காலத்தில், கூடப்பிறந்தவற்றோடு கப்பலேறி வந்தது. ‘வை’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்துதான் அந்தக் குடும்பத்துக்கே பெயர். மற்றவை வேறு ஸ்டேசன்களில் பெட்டி தள்ளப் போக, இது கண்டிக்கு வாழ்க்கைப்பட்டது.

“கடலையே தாண்டி வந்தது புள்ள,” என்பார் மாமா. “இனி சிக்னல் மட்டும் போனாப் போதும்.”

பெண் வீட்டாருக்குப் போதவில்லை. கோச்சியை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளுகிறவருக்குப் பெண் கிடையாது என்று இரண்டு சம்பந்தம் கலைந்தது. மூன்றாவது, அலவத்துகொடையில். இந்த முறை உம்மா, தம்பி கொழும்புக்கும் பதுளைக்கும் கோச்சி ஓட்டுகிறார் என்று, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் சொல்லிவிட்டார். அதை மாமாவிடம் மட்டும் சொல்லவில்லை.

நேரில் பார்க்க வருகிறேன் என்றார் பெண்ணின் வாப்பா. உம்மா அசரவில்லை. மாமா பெட்டிகளை இழுத்துக்கொண்டு வெளியே போகிற நேரம் பார்த்து அவர்களை மேடையில் நிறுத்துவது. கடைசிப் பெட்டி வளைவில் மறைந்ததும், மாப்பிள்ளை கொழும்புக்குப் போய்விட்டார் என்று சொல்லி மடவளைக்கு, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போவது. பெட்டிகள் திரும்பி வருவதற்குள் எல்லோரும் பஸ்ஸில் இருக்க வேண்டும். நான் வாய் திறக்கக் கூடாது என்பதற்கு, முன்கூட்டியே ஒரு கிள்ளு.

வாப்பாவும் மகளும் வந்தார்கள். பெண்ணை இப்படிக் கூட்டி வருவது வழக்கமில்லை. டவுனில் கண்ணாடி வாங்க வந்ததாக ஒரு சாக்கு. மாமா மடிப்புக் கலையாத சட்டையில், எஞ்சினுக்குள் மாப்பிள்ளையாகவே நின்றார்.

“எஞ்சின் சின்னதாத் தெரியுதே,” என்றார் பெண்ணின் வாப்பா.

“தூரத்துல அப்படித்தான் தெரியும்,” என்றார் உம்மா. எஞ்சின் கூப்பிடு தூரத்தில் நின்றது.

“கோச்சிக்குள்ள ஆக்கள் ஒத்தரையும் காணோமே?”

“முன்பெட்டில ஏறிட்டாங்க.”

மாமா விசில் அடித்தார். கறுப்புப் புகை ஒன்று எழுந்து மழை மேகத்தோடு சொந்தம் கொண்டாடியது. பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து, வளைவில் மறைந்தன. நான் கையசைத்தேன். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

பெண்ணின் வாப்பாவோ கன்டீன் முன்னால் நின்றுவிட்டார். “ஒரு பிளேன்டீ குடிப்போமே.”

“ஊட்டுல குடிப்போம் நானா, பஸ் போயிரும்,” என்றார் உம்மா, சொந்த அண்ணனை அழைப்பதுபோல.

“பஸ் இன்னொண்டு வரும்,” என்று அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். பிறகு கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: “மாப்பிள்ளையில கொறையில்ல தங்கச்சி. ஆனா எனக்கு மனசு வருதில்ல. ஒரு ராவு கொழும்பு, ஒரு ராவு பதுளை. நானும் புடவை மூட்டையோட ஊரூராத் திரிஞ்சவன். இவ நடக்கத் தொடங்கியதையே நான் காணல்ல. இவட உம்மா காத்துக் கெடந்த மாதிரி இவளும் கெடக்க வாணாம்.”

உம்மா கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் சம்பந்தம் போகும்.

டங். டங்டங்டங்.

பெட்டிகள் பின்பக்கமாக நகர்ந்து அடுத்த மேடைக்குள் வந்தன. எல்லாவற்றுக்கும் கடைசியில், அவற்றைத் தள்ளிக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு மாமா.

“மாமா வந்துட்டார்,” என்றேன் நான், கிள்ளியதை மறந்து.

அவர் இறங்கி வந்ததும் பெண்ணின் வாப்பா கேட்டார்: “எங்க தம்பி போன?”

“சிக்னல் மட்டும்.”

“அதுக்குப் பொறகு?”

“திரும்பி வந்த. இதுதானே என்ட வேல.”

“அப்ப ராவைக்கு?”

“ஊட்டுலதான்,” என்றார் மாமா, இதிலென்ன கேள்வி என்பதுபோல.

பெண்ணின் வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா தன் செருப்பைப் பார்த்தார். “நல்ல மாப்பிள்ளைய, பொய்யச் சொல்லித் தொலைக்கப் பாத்தீங்களே தங்கச்சி,” என்று சிரித்தார் அவர். உம்மாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். பொய் பிடிபட்டவர் எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

சாப்பிட்டு முடித்து, அவர்களை மடவளையில் பஸ் ஏற்றப் போனோம். பிறகு எனக்கு மாமியாகப் போகிற அந்தப் பெண், நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவர், பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். மாமாவின் சட்டையைப் பற்றியோ அந்தப் புகையைப் பற்றியோ கேட்பார் என்று நினைத்தேன். பஸ் நேரம் விசாரிக்கிற மாதிரி விசாரித்தார். கேட்பதற்கு வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

“ஒங்கட மாமா எத்தன மணிக்கு ஊட்டுக்கு வருவாரு?”

“இருட்டுறதுக்குள்ள, மஃரிபுக்கு முந்தியே வந்துருவாரு.”

“ஒவ்வொரு நாளுமா?”

“ஒவ்வொரு நாளும்.”