அக்காள் போனில் அடித்த மணி

ஒலிபெருக்கித் தொழிலில் இருப்பவனுக்குப் பிறர் வீட்டு நல்ல நாளே வேலை நாள். இராஜபாளையத்தில் தலை நரைக்கும் வரை அத்தொழில் புரிந்தவனும், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அச்சில் வந்ததையெல்லாம் வாசித்தே தமிழ் கற்றவனுமாகிய பொன். சங்கரலிங்கம், வயது அறுபத்தாறு, வணக்கத்துடன் எழுதுவது யாதெனில்:

ஒரே முகூர்த்தத்துக்கு இரு ஊராரும் என் ஒலிபெருக்கிக்காகச் சண்டையிடுவது கண்டு சலித்து, போனில் ஒரு பொது நாட்காட்டி அமைத்தேன். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கோயில் கொடை, சர்ச் திருவிழா, தர்கா கந்தூரி, மண்டபத் திருமணம் யாவும் அதில் ஏறும். நான் அனுப்பும் இணைப்பை ஒருமுறை அழுத்திச் சேர்ந்துகொண்டால் போதும். பிறகு நான் இங்கே எழுதுவதும் திருத்துவதும் சேர்ந்தவர் எல்லோர் போனிலும் தெரியும், மணியும் அடிக்கும். எவரிடமும் பயிலாமல் நானே தட்டித் தட்டிக் கற்ற வித்தை இது. இதே வித்தையால்தான், என் மகள் திருமணத்துக்கு வரமாட்டேன் என்று என் உடன்பிறந்த அக்காள் நின்றாள். ஊருக்கு உபகாரம் செய்யப் புகுந்து ஏச்சு வாங்கிய அன்பர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அழியாத சம்பந்தி

செட்டியார்பட்டியில் பலசரக்குக் கடை நடத்தும் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். சம்பந்தியோடு பேச்சுவார்த்தை இல்லையாம். அந்தச் சம்பந்தி வீட்டுக் காதுகுத்தோ அவர் போனில் அழகாக அமர்ந்திருந்தது. அழுத்திப் பார்த்தும், இழுத்துப் பார்த்தும் அது போகவில்லை. பொது நாட்காட்டியில் எழுதவும் அழிக்கவும் எனக்கு மட்டுமே உரிமை உண்டு என்பதை விளக்கினேன்.

“என்ன அண்ணாச்சி நியாயம்? போனு என்னுது, ரீசார்ஜ் போடுறவன் நானு. அவன் மட்டும் உள்ள உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கான்!”

படம் பிடித்தவர்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பூ வியாபாரி ஒருவர், நாட்காட்டியில் சேராமல், நண்பர் போனில் கண்ட பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். மழையால் சர்ச் தேர்ப்பவனி ஒரு வாரம் தள்ளிப்போனது. நானும் அன்றே திருத்திவிட்டேன். அவரோ பழைய தேதியில், ஆட்டோ நிறையச் சம்பங்கியோடு பூட்டிய வாசலில் நின்றுகொண்டு என்னை அழைத்தார். திருத்தம் சேர்ந்தவருக்குத்தான் வரும், படத்துக்கு வராது என்றேன்.

“நான் போட்டோ எடுத்த பொறவு தேதிய மாத்தலாமா அண்ணாச்சி? என்னைய ஒரு வார்த்த கேக்க வேண்டாமா?”

கூமாப்பட்டி விருந்தினர்

ஒரு மண்டபத்தில் நான் மைக் சோதித்துக்கொண்டிருக்கையில், கூமாப்பட்டி விவசாயி ஒருவர் வெள்ளை வேட்டியில் குடும்பத்தோடு வந்து பந்தியில் அமர்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைப் பார்க்க, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தனர். இரு வீட்டாருக்கும் அவர் யாரென்று தெரியவில்லை. பெண்ணின் தகப்பனார் தயங்கித் தயங்கி விசாரித்தார். விருந்தினர் போனை எடுத்துக் காட்டினார்.

“நேத்தே மணியடிச்சுக் கூப்பிட்டுட்டு இன்னைக்கு யாருன்னு கேக்கிய! வராம இருந்தா மரியாதையா இருக்குமா?”

அக்காளின் கோபம்

மண்டபம் உறுதியானவுடன் நாட்காட்டியில் ஏற்றுவது என் விதி. என் மகள் திருமணத்தையும் அவ்வாறே ஏற்றினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அக்காளும் நாட்காட்டியில் சேர்ந்தவள் என்பது என் நினைவில் இருந்தது. அது அவளுக்கு மகிழ்ச்சி தரும் என்றே எண்ணினேன். எங்கள் வழக்கப்படி மணப்பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டியவள் அத்தை. அவள் வராவிட்டால் பெண் அறையை விட்டு நகரமாட்டாள். அன்று மாலை நான் போனில் அழைத்தபோது அக்காள் வரமாட்டேன் என்றாள்.

“ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்கு எதுக்குலே தனியாச் சொல்லுத? நானும் ஊர்ல ஒருத்தியா இருந்துட்டுப் போறேன்.”

வெற்றிலைத் தட்டு

எனக்குப் பந்தல் போடும் காதர் பாய் உடனே ஒரு யோசனை சொன்னார்: “அந்த ஒண்ண மட்டும் அழிச்சிருங்க அண்ணாச்சி. இனிமே அக்கா கண்ணுல படாது, சோலி முடிஞ்சது.” அழித்தால் திருமண நாள் காலியென எண்ணி வேறொருவர் தம் விசேஷத்தை அதே நாளில் வைப்பார். விதி எல்லோருக்கும் ஒன்றே. நான் அழிக்கவில்லை. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்து, மனைவியுடன் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றேன்.

அக்காள் தட்டை வாங்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “சங்கரலிங்கம் இல்லத் திருமணம்னு போட்டிருக்க. பொண்ணக் கூட்டிட்டு வாரவ பேரு எங்கலே?”

எனக்குச் சட்டென்று விளங்கியது. அவள் கேட்டது அழைப்பன்று, பெண்ணையும் ஊரையும் அழைக்கும் உரிமை. அங்கேயே நின்றபடி, ‘அழைப்பவர்: மணமகளின் அத்தை பொன்னுத்தாய்’ என்று திருத்தினேன். சற்று நேரத்தில் அவள் போனில் மணி அடித்தது. ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். “ரெண்டு ஊருக்கும் தெரியுமா?” என்றாள். தெரியும் என்றேன். தட்டை இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மனைவி கண்ணைத் துடைப்பதற்குள் என் போன் ஒலித்தது. பேசியவர் அந்தக் கூமாப்பட்டி விவசாயி.

“அக்காவே கூப்பிட்டாவன்னா வந்துதான் ஆவணும். எங்க வீட்டுல எல்லாரும் வாரோம்!”

மணியடிப்பது போனின் வேலை, தட்டு நீட்டுவது தம்பியின் வேலை, கூமாப்பட்டிக்கும் சேர்த்து இலை போடுவது சமையல்காரர் வேலை என்று இவ்வழக்கு இனிதே தீர்ந்த நாள், ஆவணி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை.