காட்டுப்புறா கூடு கட்டாத வருடம்

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் மலையில் பூண்டிப் பக்கம் நான் ஃபாரஸ்ட் கார்டாக இருந்தேன். ஒரு சித்திரை மாதம் ரேஞ்சர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏலே சின்னச்சாமி, மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆபீசர் வெள்ளிக்கெழம வாராரு. காட்டுப்புறாக் கூட்டைப் போட்டோ எடுக்கணுமாம். போன வருசம் இதே மாசம் ஏழெட்டுக் கூடு பாத்தமில்ல? காட்டுறேன்னு எழுதிட்டேன்."

"இந்த வருசம் ஒண்ணுகூட இல்லீங்கய்யா. சோலையில நாவ மரம் எதுவுமே பழுக்கல. தீனி இல்லாம புறா எப்படிங்க குஞ்சு பொரிக்கும்?"

"அது எனக்குத் தெரியாது. கூடு இல்லேன்னா நீ மாத்தலாகி அய்யம்பாளையத்துக்கு எறங்க வேண்டியதுதான்."

அப்போதுதான் கொஞ்சம் நிலம் பிடித்துப் பூண்டு போட்டிருந்தேன். மலையை விட்டு இறங்க மனமில்லை. வழியையும் ரேஞ்சரே சொன்னார். போன வருடத்துக் கூடு ஒன்றைக் கம்பி வைத்துக் கட்டினோம். கொடைக்கானலில் புறா வளர்த்த கடைக்காரர் ஒருவரிடம் கெஞ்சி ஒரு முட்டை வாங்கி வந்தேன். காட்டுப்புறா ஒரு முட்டைதான் இடும். அந்த ஒரு விஷயத்தில் நேர்மையாக இருந்தோம்.

முட்டையை மனைவியிடம் கொடுத்து, "ஒடையாமப் பாத்துக்க. வெள்ளனே கொண்டுபோகணும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். கேமராவை நிறுத்திவிட்டு, "கூட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ப்பா" என்றார். மரத்தில் இருந்த நான் சாய்த்தேன். முட்டை உருண்டு கீழே வேரில் விழுந்தது. சிதறவில்லை. ஒரு துள்ளு துள்ளி அவர் பூட்ஸ் பக்கத்தில் போய் நின்றது.

அவர் எடுத்து, ஓட்டை உரித்துப் பார்த்தார்.

"ரேஞ்சர், உங்க மலைப் புறா அவிச்சேதான் முட்டை போடுமா?"

ரேஞ்சர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். எனக்கே அப்போதுதான் விளங்கியது. உடையாமல் இருக்க வீட்டில் நல்ல வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

இறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னேன், நாவல் பழுக்காததையும் சேர்த்து. ஆபீசர் கோபப்படவில்லை.

"அப்ப இந்த வருஷம் எந்தப் பறவையும் கூடு கட்டலையா?"

"கட்டியிருக்குங்கய்யா. கோடை மழை வெரசா வந்துருச்சு, புழு பூச்சி நெறையக் கெடக்கு. பூச்சி திங்கிற குருவிக குஞ்சோட இருக்கு. பழம் திங்கிறதுதான் இல்ல."

பக்கத்துப் புதரில் ஈப்பிடிப்பான் கூடு ஒன்றைக் காட்டினேன். தாய்க்குருவி வாய் நிறையப் புழுவோடு வந்தது. அரை மணி நேரம் அவர் அங்கிருந்து நகரவில்லை.

போகும்போது ஒரு நோட்டைக் கொடுத்து, எந்த மரம் பழுத்தது, எந்தப் பறவை கூடு கட்டியது என்று மாதாமாதம் எழுதச் சொன்னார். தண்டனை என்றுதான் நினைத்தேன். நாலைந்து வருடம் எழுதிய பிறகு பார்த்தால், பழம் தள்ளிப்போன வருடம் புறாவும் தள்ளிக் கட்டியிருந்தது. பழமே இல்லாத வருடம் நோட்டில் புறாவுக்கான இடம் காலி.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேலே இருப்பவர் கேட்பது காட்டில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். பொய்க்கூடு கட்டிய மூன்று நாளில் நான் வேறு பறவைகளின் நிஜக்கூடு பத்தையாவது கண்டுபிடித்திருக்கலாம்.