காமிராவுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வாங்காத சாமான் கிடையாது. மம்பட்டி, மருந்தடிக்கும் மெஷின், கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர், மிக்சி என்று என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு ஒரு சுற்று வருவாள். போன வருஷம் என் ஃபிலிம் காமிராவும் அந்த வரிசையில் உட்கார்ந்தது.

அது தானாகவே ஃபோகஸ் பார்த்துக்கொள்கிற காமிரா. பட்டனைப் பாதி அமுக்கினால் உள்ளே மோட்டார் ஓடி, லென்ஸ் முன்னும் பின்னும் போய், பச்சை விளக்கு நின்று எரியும். அப்புறம்தான் முழுசாக அமுக்க வேண்டும். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் படம் எடுக்காது. வேலையெல்லாம் அதுவே செய்வதால் பேட்டரியையும் அதுவே தின்றுவிடும். ஃப்ளாஷ் போட்டாலும் தின்னும், சும்மா திறந்து மூடினாலும் தின்னும். அந்தக் குட்டையான தடி பேட்டரி எங்கள் ஊர் தேவாரத்தில் எந்தக் கடையிலும் இல்லை. தேனி ஸ்டுடியோவில் கேட்டால் மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பார்கள்.

அதைப் பூஜைக்கு எடுத்து வைத்ததே என் மகளுக்காக. அவளுக்கும் அவள் தங்கைக்கும் விஜயதசமியன்று அரிசியில் எழுத்துப் பழக்கியபோது அதே காமிராவில்தான் படம் பிடித்தேன். இரண்டு படமும் பூஜை அறைச் சுவரில் இருக்கின்றன. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கோயில் கோயிலாக வேண்டி, அம்மன் கண் திறந்து, மூத்தவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். அந்தப் பிள்ளை முதல் எழுத்து எழுதுவதும் அதே சுவருக்கு வர வேண்டும் என்று ஃபிலிம் ரோலை அவளே சென்னையிலிருந்து வாங்கி வந்திருந்தாள்.

"போன்ல எத்தனை வேணா எடுக்கலாம்ப்பா. இது ஒண்ணு மட்டும் நீங்க எடுத்ததா இருக்கணும்" என்றாள்.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்து காமிராவை எடுத்தேன். பேட்டரி அடையாளம் முழுசாக இருந்தது. மூத்தவளின் வீட்டுக்காரர், சுருளிப்பட்டி மாப்பிள்ளை, பிள்ளையை மடியில் வைத்து, தாம்பாளத்து அரிசியில் அவள் விரலைப் பிடித்தார். பாதி அமுக்கினேன். ஜ்ர்ர், ஜ்ர்ர் என்று லென்ஸ் போய் வந்தது. பச்சை விளக்கு சிமிட்டியது. கொஞ்சம் தள்ளி நின்று அமுக்கினேன். மறுபடியும் சிமிட்டல்தான். காமிராவை அணைத்து, திரும்பப் போட்டேன். பேட்டரி பாதியாகிவிட்டது. சரஸ்வதி தாயைக் கும்பிட்டு இன்னொரு தடவை அமுக்கினால், பேட்டரி அடையாளமே சிமிட்ட ஆரம்பித்தது.

"ஏங்க, பிள்ள அரிசியத் திங்க ஆரம்பிச்சிருச்சு" என்றாள் மனைவி.

"என்னாச்சுப்பா?" மகளின் குரல் இறங்கிவிட்டது.

"ஃபோகஸ் நிக்க மாட்டேங்குதுத்தா. பேட்டரி தீரப் போகுது."

எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைதான் காமிராவை உற்றுப் பார்த்தார். "மாமா, காமிராவுக்கு நெத்தியில பொட்டு வச்சது யாரு?"

"நாந்தேன். லென்ஸுல வச்சா மங்கிப் போகும்னு மேல இருந்த சின்னக் கண்ணாடியில வச்சேன். ஏங்க மாப்ள?" என்றாள் மனைவி.

"அது நெத்தி இல்ல அத்தே, கண்ணு. அது வழியாத்தேன் தூரம் பாக்குது. கண்ண மூடிப்பிட்டுப் பாரு பாருன்னா அது என்ன செய்யும்?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துடைக்கப் போன என் கையை மனைவி மறித்தாள். "சாமி முன்னால வச்ச பொட்ட இன்னைக்கே அழிக்கலாமா? எங்கம்மா காதுக்குப் போனா என்னைய வஞ்சே தீத்துருவாக."

"அழிக்காம எப்படி எடுக்கிறது? நீயே சொல்லு."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு விரலை லேசாக நனைத்து, கண்ணாடியிலிருந்து சந்தனத்தை ஒற்றி எடுத்துப் பேத்தியின் நெற்றியில் வைத்தாள். மிச்சத்தைத் தன் தாலியில் தொட்டுக்கொண்டாள். "நான் அழிக்கல. இடம் மாத்திட்டேன்."

பேட்டரி மிச்சமாகட்டும் என்று ஃப்ளாஷை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி உட்காரச் சொன்னேன். பாதி அமுக்கினேன். பச்சை நின்று எரிந்தது. க்ளிக் என்றது. அடுத்த படத்துக்கு ஃபிலிமை இழுக்கப் போன மோட்டார் பாதியில் முனகி நின்றது. லென்ஸ் நீட்டியபடியே காமிரா அடங்கிப்போனது.

"படம் விழுந்துச்சாப்பா?"

"விழுந்திருச்சுத்தா."

மதுரையிலிருந்து பேட்டரி வந்து, ரோலைச் சுற்றி எடுத்துக் கழுவக் கொடுத்து, படம் கைக்கு வரும்போது தை பிறந்துவிட்டது. அரிசியில் எழுத்தே இல்லை, பிள்ளை உள்ளங்கையால் கலைத்திருந்தாள். ஆனால் முகம் இமை முடி வரைக்கும் தெளிவு. கன்னத்தில் ஒட்டிய அரிசிகூடத் தெரிந்தது.

மகளுக்குப் போன் போட்டு, "எழுத்து விழலத்தா. பிள்ள மொகம் மட்டுந்தேன்..." என்று இழுத்தேன்.

"எம்பிள்ள விழுந்திருக்கால்லப்பா. அவ இன்னும் எம்புட்டோ எழுதுவா. நீங்க சுவத்துல மாட்ட ஆணியத் தேடுங்க" என்றாள்.