இரைச்சல் போன பிறகு

அந்த அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கியபோது உள்ளங்கை சுட்டது. சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வீட்டுக்கார ஆன்ட்டியின் முன்னறையில், மாதா படத்துக்குக் கீழே, இணையப் பெட்டிக்கும் அதோடு இணைத்திருந்த தொலைபேசிக்கும் பல வருடங்களாக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். லேசாக மீன் வாடை அடித்தது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்து கசியத் தொடங்கினால் இந்த வாடை வரும். ஆன்ட்டி கைகளைக் கட்டிக்கொண்டு, டாக்டரின் முகத்தைப் பார்ப்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அப்போது பூனேயில், கட்கிப் பகுதியில் அவருடைய மாடி அறையில் குடியிருந்தேன். ஊருக்கு வெளியே சாகணில், இதுபோன்ற மின்வழங்கிப் பெட்டிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகிப் பூனே வந்தவள். கல்யாணம் நிலைக்கவில்லை, வேலை நிலைத்தது. ஊருக்குத் திரும்பினால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று இங்கேயே தங்கிவிட்டேன். காலையில் கம்பெனி பஸ், மாலையில் கம்பெனி பஸ். பக்கத்து சீட்டில் யாராவது உட்கார்ந்தால் இந்தியில் ரெண்டு வார்த்தை. வாய்விட்டுத் தமிழ் பேசுவது ஆன்ட்டியிடம் மட்டும்தான். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவராம். மூன்று தலைமுறை கடந்தும் அந்த ஊர்ப் பேச்சு வீட்டில் மிச்சமிருந்தது, இடையிடையே இந்தியும் மராத்தியும் கலந்து. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். கணவர் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. வேலூருக்கே திரும்ப வாழ்க்கைப்பட்டுப் போன ஓர் அக்கா மட்டும் இருந்தார். அவரும் தனியாகத்தான் இருந்தார்.

சாயங்கால ஜெபமாலை முடிந்ததும் ஆன்ட்டி அக்காவுக்குப் போன் போடுவார். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைகிற நேரமும் அதுதான். செருப்பைக் கழற்றியபடியே அந்தப் பேச்சைக் கேட்பேன். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. மீன் வாங்கினாயா, மழை வந்ததா, யாருக்கு என்ன உடம்பு. நடுவில் ஆன்ட்டி சத்தமாகச் சிரிப்பார். வேறு எந்த நேரத்திலும் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சில நாள் மாடிப்படியில் பாதியில் நின்று, அந்தப் பேச்சு முடிந்த பிறகுதான் மேலே போயிருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் போனில் இரைச்சல் வரத் தொடங்கியது. முதலில் கொசு ரீங்காரம்போல இருந்ததாம். நாளாக ஆக மாவு மெஷின் பக்கத்தில் நின்று பேசுவதுபோல ஆகிவிட்டது. தொலைபேசிக் கம்பெனி ஆட்கள் வந்து வயரை மாற்றினார்கள், ரிசீவரை மாற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆன்ட்டி ஒருநாள் என்னைப் படியிலேயே மறித்தார்.

“இன்னாமா, நீ கரண்ட் பொட்டி வேலதானே பாக்குற? இத கொஞ்சம் பாரேன். அக்கா பேசறது ஒண்ணுமே புரியல. ஏக்தம் கொழகொழன்னு கேக்குது. மொபைல்ல போட்டாலும் அதே கதைதான், வீட்டுக்குள்ள டவர் நிக்கறதில்ல. கேட்டா, ‘ஒன் போன்தான் சரியில்ல’ன்னு அவளும் சொல்றா.”

அப்படித்தான் அந்த அடாப்டர் என் கைக்கு வந்தது. இந்தவகைப் பெட்டிகள் மின்சாரத்தை ஒரே சீராக எடுத்துக்கொள்வதில்லை. நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் எடுக்கும். அந்த வெட்டுகளின் மேடுபள்ளத்தை நிரவி, வெளியே சமமாக அனுப்புவது கெப்பாசிட்டரின் வேலை. எவ்வளவுதான் நிரவினாலும் கொஞ்சம் அலை மிஞ்சும். அதை ரிப்பிள் என்போம். ஒவ்வொரு அலைக்கும் கெப்பாசிட்டர் மின்னோட்டத்தை வாங்கி வாங்கி விடும்போது சூடாகும். சூட்டில் உள்ளிருக்கும் திரவம் வற்றும், வற்ற வற்ற நிரவும் சக்தி குறையும், அதனால் சூடு இன்னும் ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். பெட்டி வேலை செய்கிறது என்றே எல்லோரும் நினைப்பார்கள்.

கட்கி பஜாரில் புது அடாப்டர் ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்தேன். மாவு மெஷின் போய், சீறல் ஒன்று வந்தது. விலை குறைந்த சரக்கில் வடிகட்டும் பாகங்களைச் செலவு என்று விட்டுவிடுவார்கள். அதனால் பழையதையே சாகணுக்கு எடுத்துப்போனேன். மதிய உணவு நேரத்தில், லேப் காலியாக இருந்தபோது, மின்னலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கோடாக ஓட வேண்டியது ரம்பப் பல்லாக ஓடியது. உப்பியிருந்த கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு, ரிப்பிளைத் தாங்கக்கூடிய நல்லதொன்றைப் பற்றவைத்தேன். வெளியேறும் இடத்தில் சின்னக் கம்பிச்சுருள் ஒன்றும், அதன் பின்னால் பொட்டு அளவு செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றும் சேர்த்தேன். அப்போதும் கோட்டில் முள் முள்ளாக ஏதோ தெரிந்தது. அது பெட்டியின் சத்தமே இல்லை. அளக்கும் முனையின் எர்த் வயர் நீளமாக இருந்ததால் காற்றிலிருந்து பிடித்துக்கொண்ட சத்தம். வயரைச் சுருக்கியதும் அதுவும் போனது. கோடு சுத்தமாக ஓடியது. அலுவலகத்தில் இதே வேலையை எத்தனையோ முறை செய்திருக்கிறேன், அறிக்கை எழுதி அனுப்பிவிட்டு மறந்திருக்கிறேன். வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைப்போடு செய்தது அந்த ஒரு தடவைதான். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மாட்டிவிட்டு என் மொபைலோடு தெருவில் இறங்கி நின்று ஆன்ட்டியின் நம்பரை அழைத்தேன். அவர் முன்னறையிலிருந்து பேசினார். அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. “அரே, ஒரு ஆவாஸும் இல்லியே, ஒரு சத்தமும் இல்ல,” என்றார். உள்ளே போனபோது, எனக்கு டீ போடக்கூடப் பொறுமையில்லாமல் வேலூருக்கு நம்பர் சுற்றிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் பேசினார். முகம் மெல்லச் சுருங்கியது. ரிசீவரை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இன்னும் அப்டியேதான்கீது. நீயே கேளு.”

வாங்கிக் காதில் வைத்தேன். லைன் அவ்வளவு அமைதியாக இருந்தது. வேலூரில் அந்த வீட்டுக்குப் பின்னால் எங்கோ ஒரு காக்கை கத்துவது கேட்டது. மின்விசிறி சுற்றுவது கேட்டது. அந்த அமைதியின் நடுவில் ஒரு பெண்குரல், நாக்கு எழும்பாமல், எழுத்துகள் ஒன்றில் ஒன்று ஒட்டிக்கொள்ள, ஏதோ கேட்டது. “யாரு” என்று கேட்கிறார் என்பது எனக்குச் சற்றுப் பிந்தித்தான் புரிந்தது. நான் என் பெயரைச் சொன்னேன். ஆன்ட்டியிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது என்று தெரிந்தும், ரிசீவரை உடனே திருப்பித் தரக் கை வரவில்லை.

“ஆன்ட்டி, லைன் சரியாத்தானுங்க இருக்கு.”

“பின்ன?”

ரிசீவரை அவரிடம் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தொலைபேசியைப் பார்த்தார். நின்றபடியே இருந்தவர் நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார்.

“அப்ப, அது அக்காவா?” என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வேலூரில் அக்காவின் எதிர்வீட்டு ஆசிரியரை அழைத்து நானே பேசினேன். அன்று சாயங்காலமே அவர் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சில வாரங்களுக்கு முன்பே மூளை ரத்தக்குழாயில் சின்னதாக ஓர் அடைப்பு வந்து போயிருக்கிறது என்றார்கள். இன்னொன்று வராமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை என்றும் சொன்னார்கள். வாய் ஒரு பக்கம் இழுப்பது அக்காவுக்குத் தெரிந்தே இருந்தது. பல்செட் சரியில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வந்திருக்கிறார். தங்கை கேட்டால், போன் சரியில்லை. தங்கையின் போன் நிஜமாகவே சரியில்லாமல் இருந்தது அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

மறுநாள் ஆன்ட்டியைப் பூனே ஸ்டேஷனில் ரயிலேற்ற நான்தான் போனேன். ஆட்டோ சங்கம் பாலம் தாண்டியதும், “நான் தெனமும் அவகிட்ட ‘சத்தமா பேசுடி, சத்தமா பேசுடி’ன்னு கத்திக்கினே இருந்தேன்மா,” என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன் நாங்கள் ஒருவரையொருவர் தொட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. காட்பாடியில் இறங்கியதும் போன் செய்யச் சொன்னேன். “அவள ஒரு மாசத்துல இங்க கூட்டிக்கினு வந்துடறேன். நீ மாடி ரூம காலி பண்ணிடாத,” என்றார் ஜன்னல் வழியாக. ரயில் போன பிறகு பிளாட்பாரத்தில் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். லீவு போட்டிருந்ததால் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.

ஒரு மாதம் பல மாதங்களாகி, இப்போது வருடங்களாகிவிட்டது. அக்காவால் ரயிலில் இவ்வளவு தூரம் வர முடியவில்லை. கைகால் பரவாயில்லை, பேச்சு மட்டும் தேறவில்லை. நான் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறேன். கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து, ஜன்னல்களை விரித்துவைத்து, தூசி தட்டிவிட்டு மறுபடி பூட்டுகிறேன். சாகணில் வேலையும் அதுவேதான். இப்போது எனக்குக் கீழே சில பேர் இருக்கிறார்கள். அலைகளைக் குறைக்கிறோம், முட்களை அழிக்கிறோம், கோடு சுத்தமாக ஓடுகிறது. மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது அங்கேயும் எந்தச் சத்தமும் இருப்பதில்லை. சில நாள் படியில் பாதியில், காரணமில்லாமல் நின்றுவிடுகிறேன்.

ஒருமுறை போனில் கேட்டேன், “எப்ப வருவீங்க ஆன்ட்டி?”

“அவ பேசறது இங்க வேற யாருக்கும் புரியலமா. எனக்கு மட்டும்தான் புரியுது. எப்டி வர்றது, சொல்லு?” என்றார்.

அதன் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வாரம் ஒருமுறை அவரே அழைக்கிறார். சாப்பிட்டாயா, கட்கியில் மழையா என்று விசாரிப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அக்கா ஏதோ சொல்வது கேட்கும். எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் எனக்கு அது விளங்குவதில்லை. ஆன்ட்டி போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பதில் சொல்வார். அக்கா திரும்ப ஏதோ சொல்வார். இருவரும் சிரிப்பார்கள், ஆன்ட்டி சத்தமாக, முன்பெல்லாம் சிரிப்பதைப் போலவே. அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நான் லைனில் காத்திருப்பேன்.