தராசில் ஏறிய அம்மி

பாய லேபார் விமான நிலையம். குவாந்தான் போகும் சின்ன விமானம் வெளியே நிற்கிறது. இதில் ஆளையும் பெட்டியோடு எடை பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். நான் அம்மிக்கல்லோடு தராசில் நிற்கிறேன். குவாந்தானில் மகளுக்கு இன்றோ நாளையோ பிரசவம். பத்தியத்துக்கு அரைக்க அங்கே நல்ல கல் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தேக்கா சந்தையில் வாங்கினேன்.

தராசு பார்க்கும் தமிழர் முள்ளைப் பார்த்துச் சிரிக்கிறார்.

“அண்ணே, நீங்க போறீங்களா, கல்லு போகுதா? ரெண்டு பேரும் போக முடியாது லா.”

“காலையில சாப்பிடாமத்தான் வந்தேன்.”

“ஒரு வாரம் சாப்பிடாட்டியும் பத்தாது. கல்ல வெச்சிட்டுப் போங்க. ஒல்லியான ஆளுங்க வர்ற அன்னைக்கு ஏத்தி விடுறேன்.”

வெளியே விமானத்தின் ஒரு பக்கத்து விசிறி சுற்றத் தொடங்கிவிட்டது. எனக்கு நிலைகொள்ளவில்லை. அம்மியைச் சுவரோரம் இறக்கி வைக்கிறேன். குழவியை மட்டும் விட மனமில்லை. அக்குளில் இடுக்கிக்கொள்கிறேன். அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறார்.

விமானத்துக்கு நடக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன். அடுத்த விமானத்துக்கு இப்போதே வரிசை நிற்கிறது. ஒருவர்கூட ஒல்லியாக இல்லை.