கம்ஷாத் அனுப்பிய விருந்து அழைப்பு

தாராஸ் நகருக்கு மேற்கே ஒரு சிறு நகரம். அங்குள்ள மருத்துவமனையில் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள் கம்ஷாத். வாய்த்துடுக்குக்காரி. பக்கத்து மாவட்ட மருத்துவமனையில் இணையம் வழியாகப் புகுந்த திருடர்கள் கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் படுத்திருந்தவர்களை ஆம்புலன்சில் ஏற்றிப் பனிச்சாலையில் வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் கதி இங்கே வரக்கூடாது என்பதே அவளுடைய ஒரே கவலை.

யாரோ ஒருவர் தனக்கு வந்த செய்தியைத் திறந்தால் போதும், திருடன் உள்ளே வந்துவிடுவான். நம் ஜனங்கள் எதைத் திறப்பார்கள்? வங்கிக் கடிதத்தையா? விருந்து அழைப்பைத்தான்! கல்யாணமோ, பிள்ளை நடை பழகியதோ, பகையாளி அழைத்தாலும் இங்கே போகாமல் இருக்க மாட்டார்கள். எனவே கம்ஷாத் பெயர் போடாமல் ஒரு பொய் அழைப்பை எல்லோருக்கும் அனுப்பினாள். மத்தியானத்துக்குள் பாதி மருத்துவமனை அதைத் தொட்டுவிட்டது. தொட்டவர் திரையிலெல்லாம் 'மாட்டிக்கிட்டீங்க! – கம்ஷாத்' என்று வந்தது.

தலைமை மருத்துவர் ஒராஸ்பெக் முகம் சிவக்க வந்தார். "விருந்துல போய் விளையாடலாமாம்மா? நான் கோட்டை வேற தேய்க்கக் குடுத்துட்டேன்!"

"கோட்டு கசங்கினா மறுபடி தேய்க்கலாம் சார். கம்ப்யூட்டர் படுத்துட்டா, வயித்தைத் திறந்துவச்சுப் படுத்திருக்கவனுக்கு என்ன பதில் சொல்வீங்க?"

அவர் அன்றே உத்தரவு போட்டார்: எந்த அழைப்பு வந்தாலும், அனுப்பியவரிடம் பேசிக் கேட்காமல் தொடக்கூடாது. நோயாளிகளின் விவரங்களுக்கு நகல் எடுத்து, எந்தக் கணினியோடும் இணைக்காமல் தனியே வைத்தாள் கம்ஷாத். மாதம் ஒருநாள் கணினிகளை அணைத்துக் காகிதத்திலேயே வேலை பார்க்கவும் வைத்தாள். "மாமியார் தோத்தா போ!" என்று தாதிகள் முணுமுணுத்தார்கள்.

வசந்தத்தில் திருடன் வந்தே விட்டான். ஒராஸ்பெக்கின் பேரனுக்கு விருந்து என்று எல்லாக் கணினிக்கும் அழைப்பு. வரவேற்பறைப் பெண் அக்மாரால் நேரே அவர் அறைக்கு ஓடினாள்.

"சார், பேரனுக்கு விருந்தாமே?"

"எனக்கு ஏதும்மா பேரன்? மூணும் பேத்திங்க! கம்ஷாத்தைக் கூப்பிடு!"

ஒருவரும் தொடவில்லை. கம்ஷாத் அந்தச் செய்தியை வழித்தெடுத்து எறிந்தாள். மாடியில் அறுவை நிற்காமல் நடந்தது.

கோடையில் கம்ஷாத்தின் மகளுக்குக் கல்யாணம். ஆசை ஆசையாக அழைப்பு தயாரித்து எல்லோருக்கும் அனுப்பினாள். ஒருவர்கூடத் திறக்கவில்லை. ஒராஸ்பெக் மட்டும் போன் செய்தார்.

"இந்தத் தடவை யாரைம்மா பிடிக்கப் பாக்கறே?"

"ஐயோ, நிஜக் கல்யாணம் சார்!"

"அப்படித்தான் திருடனும் சொல்வான். நேர்ல வந்து கூப்பிடு!"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். பை நிறைய மிட்டாயுடன் வார்டு வார்டாக ஏறி இறங்கி அழைத்தாள். கால் கடுத்தது. வாயெல்லாம் பல்.