மூன்றாவது உதாரணத்தில் அம்மாவின் பெயர்

போன ஐப்பசியில், சின்னமனூரில் என் வீட்டு மாடியறையில் தொடங்கியது இது. இரண்டு நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது.

வீட்டிலிருந்தே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குக் கையேடு எழுதுவது என் வேலை. அப்போது கையில் இருந்தது கொஞ்சம் விநோதமான ஒன்று. ஏஐ ஏஜென்ட் என்கிறார்களே, சொன்ன வேலையைத் தானாகவே செய்து முடிக்கும் நிரல், அது இணையதளங்களுக்குக் கோரிக்கை அனுப்பிப் பதில் வாங்குவதற்காக ஒரு கருவி செய்திருந்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று நான் எழுத வேண்டும். படிக்கப்போவதும் அந்த ஏஜென்ட்தான்.

மூன்றாவது உதாரணம், ஒரு தளத்தில் படிவம் நிரப்பி அனுப்புவது. என்ன படிவம் போடலாம் என்று யோசித்தபோது, தேனியில் ஒரு கடைக்காரர் தன் சொந்த ஆர்வத்தில் நடத்தும் ரத்ததானத் தளம் ஞாபகத்துக்கு வந்தது. நோயாளியின் பெயர், ரத்த வகை, ஆஸ்பத்திரி, போன் நம்பர் போட்டால் போதும். அந்த வகை ரத்தம் உள்ளவர்கள் எல்லாருக்கும் செய்தி போய்விடும். இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானே அதை நிரப்பியிருக்கிறேன். ஒன்பது நாள் கழித்து அம்மா போய்விட்டாள்.

அந்தப் பழைய விவரத்தை அப்படியே எடுத்து ஒட்டினேன். அம்மாவின் பெயர், பி நெகட்டிவ், அதே ஆஸ்பத்திரி, என் நம்பர். வெளியிடும்முன் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அம்மாவின் பெயரைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்திருந்தது. சாயங்காலம் வரைவைச் சோதனைக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் போன் அடித்தது. பாதித் தூக்கத்தில் எடுத்தேன். முன்பின் கேட்டிராத ஆண் குரல். லோயர் கேம்பில் இருந்து பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னார்.

"அம்மா இப்ப எப்படி இருக்காக?"

"நல்லா இருக்காக" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் சந்தோஷமாக வைத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே மேகம் தென்னந்தோப்புக்குள் இறங்கி வந்திருந்தது. அந்த வெள்ளைக்குள் எங்கோ அம்மா நிஜமாகவே நன்றாக இருப்பதுபோலத் தோன்றியது. எழுந்திருக்க மனசில்லாமல் படுத்திருந்தேன். இரண்டாவது போன் வந்தது. "ரத்தம் கேட்டிருந்தீகளே" என்று ஆரம்பித்தார் ஒருவர். அப்போதுதான் தூக்கிவாரிப்போட்டது.

அலுவலகத் தோழியைப் போனில் எழுப்பிக் கேட்டேன். உதாரணங்கள் வேலை செய்கிறதா என்று பார்க்கும்படி ஏஜென்டிடம் வரைவைக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர் என்றால் உதாரணத்தைப் படித்துவிட்டுப் போவார். அது அனுப்பியே பார்த்துவிட்டது. 'செய்தி அனுப்பப்பட்டது' என்று தளம் பதில் சொன்னதும், சரி என்று குறித்தும் வைத்திருந்தது. அதன்மேல் என்ன தப்பு?

போன் செய்த இருவரையும் கூப்பிட்டுத் திரும்பிப் போகச் சொன்னேன். கடைக்காரரிடம் சொன்னதும் அவர் எல்லாருக்கும் மறுப்புச் செய்தி அனுப்பினார். ஆனால் வழியில் இருப்பவர்கள் பார்ப்பார்களா? தேனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். சாலையின் இருபுறமும் வாழையும் தென்னையும் பனியில் மிதந்து வந்தன. எதிரே வரும் வண்டிகளின் விளக்கு மட்டும் முதலில் தெரிந்தது. நான் அம்மாவைப் பார்க்கத்தான் போகிறேனோ என்று ஒரு கணம் குழம்பினேன். அந்த ஒன்பது நாளும் இதே பஸ்ஸில்தான் போய்வந்தேன்.

ஆஸ்பத்திரி ரத்த வங்கி வராந்தாவில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கெங்குவார்பட்டியில் இருந்து வந்த ஒரு பெரியவர், முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. கொடுத்து முடித்துவிட்டார். பக்கத்தில் கோம்பையில் இருந்து வந்த ஓர் அக்கா, தலையில் ஈரத் துண்டு. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பை விட்டுவிட்டு, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு வந்திருந்தார். அடுத்ததாக அவர் பெயரைக் கூப்பிட இருந்தார்கள்.

நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். கம்ப்யூட்டர், உதாரணம் என்று ஏதேதோ உளறினேன். பெரியவர் பஞ்சைத் தடவிக்கொண்டே, அப்படியானால் யாருக்கும் ஒன்றுமில்லையே, அதுவே நல்லது என்றார். இந்த வகை ரத்தம் இங்கே ஒரு வாரம்கூடத் தங்காது, அதற்குள் யாருக்காவது தேவைப்பட்டுவிடும், வீணாகாது என்று உள்ளிருந்து நர்ஸ் சொன்னார். அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடியும் இதே பேருக்கு நான் வந்து குடுத்தேன் தாயி. காலையில அந்தப் பேரைப் பாத்ததும், அன்னைக்குப் பொழச்சுக்கிட்டாக போலன்னு நெனச்சு சந்தோசமா வந்தேன்."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது என்று அவரிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தலைத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "யாரும் சொல்லலையே" என்றார்.

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அன்றைக்கு ரத்தம் வேண்டும் என்று ஊரெல்லாம் கேட்ட நான், வந்தது யார் என்றும் கேட்கவில்லை, என்ன ஆயிற்று என்றும் சொல்லி அனுப்பவில்லை. இருவரும் டீ குடித்தோம். அம்மா எப்படி இருப்பாள், கடைசியில் வலித்ததா என்றெல்லாம் கேட்டார். சொல்லச் சொல்ல, மழை நின்று வெயில் வந்ததுகூடத் தெரியவில்லை. கூலியைக் கொடுக்கப் போனதற்குக் கோபித்துக்கொண்டார். பஸ் ஏற்றிவிட்டேன்.

அன்றே உதாரணத்தை, இல்லாத ஒரு முகவரிக்கு மாற்றினேன். மனிதர்களிடம் போய்ச் சேரும் எதையும் ஒரு மனிதரைக் கேட்காமல் அனுப்பாதே என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதினேன்.

கடைசி நாட்களில் அம்மாவின் உடம்பில் யாருடைய ரத்தம் சேர்ந்து ஓடியது என்பது எனக்குத் தெரியவந்ததே என் தவறால்தான். அதனால் அந்தத் தவறுக்காக இன்றுவரை முழுதாக வருத்தப்படவும் முடியவில்லை, அதை மறக்கவும் முடியவில்லை.